தாதியின் தீர்ப்பு: சொன்னதைச் செய்தலும் கண்டதைத் தேர்தலும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, நோயாளியின் பக்கத்திலிருந்து அதனை இயற்றுபவர் என்பன அந் நான்கு. பக்கத்திலிருப்பவரை வள்ளுவர் வெறும் ஏவலாளாகத் தள்ளிவிடவில்லை. மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணினார். அக் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், அத்தகையவருக்கு வேண்டிய பண்புகளையும் நான்காக்கிக் காட்டுகின்றார். நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லப்பட்டதைப் பிறழாது செய்யும் ஆற்றல், அறிவு என்பன அவை.

இவற்றுள் பின்னிரண்டும் எப்போதும் இணங்கி நிற்பன அல்ல. சொன்னதை மட்டும் செய்பவர்க்கு அறிவு எதற்கு? அறிவுடையவர், சொல்லப்பட்டது நோயாளிக்குப் பொருந்தவில்லை எனக் கண்டால் என்ன செய்வது? மருத்துவர் அருகில் இல்லாத வேளையில் நோயின் போக்கு மாறினால் யார் முடிவு செய்வது? மேலை நாடுகளில் இவ் வினாக்கள் நூறாண்டுக்கு மேலாக மருத்துவமனைகளில் எழுந்து, சட்டமன்றங்களில் வாதிக்கப்பட்டு, நீதிமன்றம் வரை சென்றன. ஆங்கிலத்தில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என வழங்கும் மேற்பயிற்சித் தாதி தோன்றிய வரலாறு, இவ் வினாக்களுக்கு விடை தேடிய வரலாறேயாகும். வயது முதிர்ந்த நோயாளிகளே அவ் வரலாற்றில் பெரிதும் பயன்பெற்றவர். விடை தாமதமானபோது பெரிதும் துன்புற்றவரும் அவர்களே.

நைட்டிங்கேல் அம்மையார் கற்பித்த பாடம்

கிரிமியப் போரின்போது 1854-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை, கையில் விளக்கேந்திய கருணை வடிவமாகவே பலரும் அறிவர். அவர் கண்ணின் கூர்மையை அறிந்தவர் சிலரே. 1859-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தாதிமை பற்றிய நூலில், நோயாளியை உற்றுநோக்குவதற்கென ஒரு தனிப் பகுதியே உண்டு. நோயாளி நன்றாக உறங்கினாரா என்று கேட்பதால் பயனில்லை. எத்தனை மணி நேரம், எந்தெந்த வேளையில் உறங்கினார் என்று அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. 1860-ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பள்ளி, இவ்வாறு பார்க்கத் தெரிந்த பெண்களை உருவாக்கியது.

ஆயினும் பார்த்ததைக் கொண்டு என்ன செய்வது என்னும் இடத்தில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. பார்ப்பதும் தெரிவிப்பதும் தாதியின் கடமை; முடிவு செய்வது மருத்துவரின் உரிமை. ஏட்டளவில் இப் பிரிவினை தெளிவானது. வார்டில் அது நிலைக்கவில்லை. ஓர் இரவில் முப்பது நோயாளிகளைப் பார்க்கும் தாதி, நூற்றுக்கணக்கான அறிகுறிகளைக் காண்கிறார். அவற்றுள் எதைப் பொருட்படுத்துவது, எதை விடுவது, எதற்காக உறங்கும் மருத்துவரை எழுப்புவது என்று ஒவ்வொரு கணமும் அவர் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தெரிவிக்கலாமா என்று எண்ணுவதே ஒரு தீர்ப்பு. ஆகவே தாதி முடிவு செய்யாத காலம் என ஒன்று இருந்ததே இல்லை எனலாம். அம் முடிவுக்குப் பெயரும் இல்லை, பயிற்சியும் இல்லை, பொறுப்பும் இல்லை என்பதே அந் நாளைய குறை.

சட்டம் இட்ட வேலி

அமெரிக்காவில் தாதியரைப் பதிவு செய்யும் சட்டங்கள் 1903-ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தில் தொடங்கின. அவை தகுதியற்றவர் தம்மைத் தாதியெனச் சொல்லிக்கொள்வதைத் தடுத்தன. தாதியின் பணி எதுவென வரையறுக்கும் வேலை பின்னரே வந்தது. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாதியர் சங்கமே ஒரு மாதிரி வரையறையை வெளியிட்டது. நோயாளியை உற்றுநோக்குதலும் பராமரித்தலும் தாதியின் பணி என்று கூறிய அவ் வரையறை, நோயை இன்னதென முடிவு செய்வதும் சிகிச்சையை விதிப்பதும் அப் பணியில் அடங்கா என வெளிப்படையாக விலக்கியது. பல மாநிலங்கள் இதனைத் தம் சட்டங்களில் எடுத்துக்கொண்டன. வேலியை வெளியார் மட்டும் இடவில்லை. உள்ளே இருந்தவரும் சேர்ந்தே இட்டனர்.

வேலிக்கு வெளியேயும் வாழ்க்கை நடந்தது. கெண்டக்கி மாநிலத்தின் மலைப் பகுதிகளில் சாலையும் இல்லை, மருத்துவரும் அரியர். அங்கு 1925-ஆம் ஆண்டில் மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார் தொடங்கிய எல்லைப்புறத் தாதியர் பணி, குதிரையேறிச் செல்லும் தாதியரைக் குடிசைதோறும் அனுப்பியது. பிரசவம் பார்த்தனர், காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்திட்டனர். மருத்துவர் குழுவொன்று முன்கூட்டியே எழுதித் தந்த நிலைக் கட்டளைகள் அவர்களிடம் இருந்தன. இன்ன குறி கண்டால் இன்னது செய்க என்பது கட்டளை. ஆனால் கண்ணெதிரே கிடப்பவரிடம் தோன்றுவது அந்த ‘இன்ன குறி’தானா என்று தேர்ந்தவர் தாதியே. சட்டத்தின் பார்வையில் அவர் கட்டளையை நிறைவேற்றினார். உண்மையில் நோயைத் தேர்ந்து தெளிந்தார்.

நகர மருத்துவமனைகளிலோ இது ஒரு நாடகமாகவே நடந்தது. லியோனார்ட் ஸ்டெய்ன் என்னும் மனநோய் மருத்துவர் 1967-ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனை மருத்துவரும் தாதியும் ஆடும் ஆட்டம் என்று வருணித்தார். தாதி தம் கருத்தைக் கூற வேண்டும்; ஆனால் கூறியதாகத் தோன்றக் கூடாது. மருத்துவர் அக் கருத்தைப் பெறவேண்டும். ஆனால் கேட்டதாகத் தோன்றக் கூடாது. இன்ன மருந்து தேவை என்று நேரே சொல்லாமல், முன்பொரு நாள் அம் மருந்து நன்கு பயன்பட்டது என்று தாதி நினைவூட்டுவார்; மருத்துவர் அதனைத் தாமே எண்ணியதுபோல் விதிப்பார். ஆட்டம் தெரிந்த இருவர் இருந்தால் நோயாளி பிழைத்தார். ஒருவர்க்கு ஆட்டம் தெரியாவிட்டால், அல்லது இளந்தாதி அஞ்சி வாய்மூடியிருந்தால், அதன் விலையைக் கொடுத்தவர் கட்டிலில் கிடந்தவரே.

முதியோர் வார்டில் பிறந்த அளவுகோல்

தாதியின் தீர்ப்பு மறைவிலிருந்து வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று, எவரும் எதிர்பாராத முதியோர் வார்டு. இங்கிலாந்தில் ஏழைச் சட்டத்தின் கீழ் நடந்த மனைகளில், எழமுடியாதவர் என முத்திரையிடப்பட்ட முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தனர். 1935-ஆம் ஆண்டில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பொறுப்பில் வந்த அத்தகைய 714 நோயாளிகளை மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவர் ஒவ்வொருவராகச் சோதித்தார். பலருக்கு நோய் எதுவென்றே முறையாக ஆராயப்படவில்லை என்பதையும், தக்க சிகிச்சையும் பயிற்சியும் தந்தால் பலர் எழுந்து நடப்பர் என்பதையும் அவர் காட்டினார். முதுமை வேறு, நோய் வேறு என்னும் உண்மை அங்கே நிலைபெற்றது.

அவ் வழியில் ஒரு தாதி அடுத்த அடியை வைத்தார். அவர் டோரீன் நார்டன் அம்மையார். படுக்கையில் கிடக்கும் முதியவர்க்கு இடுப்பிலும் குதிகாலிலும் உண்டாகும் படுக்கைப் புண், உயிரையே வாங்கக்கூடியது. யாருக்குப் புண் வரும் என்பது அனுபவமுள்ள தாதிக்குப் பார்த்த அளவிலேயே தெரியும். ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாது. நார்டனும், மக்லாரன் என்னும் அம்மையாரும், எக்ஸ்டன்–ஸ்மித் என்னும் மருத்துவரும் லண்டனில் ஆராய்ந்து 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதற்கு விடை இருந்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், சிறுநீர் மலம் அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண் இடுக. கூட்டுத்தொகை 20 எனில் அச்சமில்லை. 14 அல்லது அதற்குக் கீழ் எனில் ஆபத்து அருகில் உள்ளது. புண் வராமல் தடுக்கத் தோலில் தடவிய தைலங்களாலும் களிம்புகளாலும் பயன் இல்லை என்பதையும், நோயாளியைக் குறித்த நேரங்களில் புரட்டிப் படுக்கவைப்பதே தடுக்கும் என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று.

இச் சிறு அளவுகோலின் பெருமை அதன் எண்களில் மட்டும் இல்லை. தாதியின் மனத்துள் மறைந்து கிடந்த தீர்ப்பு, தாளில் எழுதக்கூடியதாயிற்று, பிறர் சரிபார்க்கக்கூடியதாயிற்று, புதிதாக வந்த தாதிக்குக் கற்பிக்கக்கூடியதாயிற்று. எழுதப்பட்ட தீர்ப்புக்கே பொறுப்பு உண்டு.

நான்கு நிமிடங்கள்

முதியோர் வார்டில் நாட்கணக்கில் நிகழ்ந்த மாற்றம், இதய நோயாளிகளின் வார்டில் நிமிடக்கணக்கில் நிகழ்ந்தது. மாரடைப்பு உற்றவரின் இதயம் திடீரெனத் தாளம் தவறித் துடிதுடித்து நின்றுவிட்டால், நான்கு நிமிடம் அளவில் மூளை கெடத் தொடங்கும். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன் முதலியோர், மார்பை அழுத்தியே இரத்த ஓட்டத்தை நிலைநிறுத்தலாம் என்று வெளியிட்டனர். மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீண்டும் இயக்கும் கருவியும் இருந்தது. இல்லாதது ஒன்றே: அந் நான்கு நிமிடத்துக்குள் மருத்துவர் வந்து சேர்வது.

1961-ஆம் ஆண்டில் டெஸ்மண்ட் ஜூலியன் என்னும் பிரித்தானிய மருத்துவர், மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து இடைவிடாது கண்காணிக்க வேண்டும் என எழுதினார். 1962-ஆம் ஆண்டு மே மாதத்தில் கான்சாஸ் நகரில் ஹியூஸ் டே என்னும் மருத்துவர் அத்தகைய வார்டு ஒன்றைத் திறந்தார். பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் ஒருபடி மேலே சென்றார். இதய மின்வரையைப் படித்துத் தாளம் தவறியதை உணரவும், மருத்துவர் வருவதற்கு முன்னரே மின்னதிர்ச்சி கொடுக்கவும் தாதியர்க்குப் பயிற்சி தரப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவரன்றிப் பிறர் தொடவே கூடாது என்றிருந்த செயல் அது. மருத்துவர் வரும்வரை காத்திருக்கும் தாதி கட்டளைக்குப் பணிந்தவராவார், நோயாளியோ இறந்திருப்பார். ஆட்டம் ஆட அங்கே நேரம் இல்லை. கண்டவரே தேர்ந்து, தேர்ந்தவரே செய்ய வேண்டும் என்பதைக் கடிகாரம் கட்டளையிட்டது.

கொலராடோவும் கான்சாசும்

இவ்வளவு ஆகியும் தனியே ஒரு கல்வியும் பட்டமும் அமையவில்லை. அமைக்க முயன்ற ஒருவரின் கதை வியப்புக்குரியது. 1957-ஆம் ஆண்டளவில் டியூக் பல்கலைக் கழகத்தில் தெல்மா இங்கிள்ஸ் என்னும் தாதிமைப் பேராசிரியையும், யூஜின் ஸ்டெட் என்னும் மருத்துவப் பேராசிரியரும் தாதியர்க்கு உயர்நிலை மருத்துவக் கல்வி தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். தாதிமைக் கல்வியை அங்கீகரிக்கும் அமைப்பு அதனை ஏற்க மறுத்தது. மனம் சலித்த ஸ்டெட், 1965-ஆம் ஆண்டில் கடற்படையில் மருத்துவ உதவியாளராயிருந்த நால்வரைச் சேர்த்து, ‘மருத்துவரின் துணைவர்’ என்னும் வேறொரு தொழிலையே தோற்றுவித்தார். தாதியர் உலகம் தன் வாயிலைச் சாத்தியதால், அடுத்த வீட்டில் புதிய குடும்பம் குடியேறிற்று.

அதே 1965-ஆம் ஆண்டில் கொலராடோப் பல்கலைக் கழகத்தில் லொரெட்டா போர்ட் என்னும் பொதுச் சுகாதாரத் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் முதல் மேற்பயிற்சித் தாதிமைத் திட்டத்தைத் தொடங்கினர். அது குழந்தைகளுக்கானது. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். அவ்வாண்டிலேயே முதியோர்க்கும் ஏழையர்க்கும் அரசு மருத்துவச் செலவை ஏற்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியதால், மருத்துவம் நாடுவோர் தொகை பெருகவிருந்தது மற்றொரு காரணம். எதிர்ப்பும் இல்லாமலில்லை. மருத்துவர் சிலர் ஐயுற்றனர். தாதிமைத் தலைவர்கள் சிலரோ, இது தாதியைக் குட்டி மருத்துவராக்கும் முயற்சி என்று கடிந்தனர்.

வயது வந்த நோயாளிகளுக்கான விடை கான்சாஸ் பல்கலைக் கழகத்திலிருந்து வந்தது. நாட்பட்ட நோயுடையவர்களில் ஒரு பகுதியினரைத் தாதி நடத்திய மருத்துவப் பிரிவுக்கும், மற்றப் பகுதியினரை வழக்கமான பிரிவுக்கும் குலுக்கல் முறையில் பிரித்து, சார்லஸ் லூயிசும் பார்பரா ரெஸ்னிக்கும் ஆராய்ந்தனர். 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய முடிவின்படி, தாதியிடம் சென்றோர் நலம் குன்றவில்லை. அவர்களுடைய முறையீடுகள் குறைந்தன. தாதியிடமே செல்ல விரும்பும் மனப்பான்மையும் வளர்ந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒரே நாளில் தீர்வன அல்ல. ஆண்டுக்கணக்கில் உணவையும் மருந்தையும் ஒழுங்குபடுத்த வேண்டிய அவ்விடத்தில், பொறுமையுடன் கேட்கும் தாதியின் தீர்ப்பு மருத்துவரின் தீர்ப்புக்குக் குறைந்ததாயில்லை.

சட்டமன்றமும் நீதிமன்றமும்

பின்னர்ச் சட்டம் நடைமுறையைத் தொடர்ந்து ஓடியது. 1971-ஆம் ஆண்டில் ஐடஹோ மாநிலம், மருத்துவக் கழகமும் தாதியர் கழகமும் சேர்ந்து வகுக்கும் விதிகளுக்கு உட்பட்டு, நோயறிதலும் சிகிச்சையும் தாதியின் பணியில் அடங்கலாம் என ஏற்றது. 1972-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் தாதிமைக்கே புதிய வரையறை தந்தது. உடல்நலக் குறைவுக்கு மனிதர் காட்டும் எதிர்விளைவுகளைத் தாதி ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்றது அச் சட்டம். 1955-இல் விலக்கப்பட்ட சொல் 17 ஆண்டுகளில் சட்டத்தின் உள்ளேயே இடம்பெற்றது.

கனடாவில் பர்லிங்டன் நகரில் நடந்த சோதனையின் முடிவு 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குடும்பங்கள் குலுக்கல் முறையில் மருத்துவரிடமும் மேற்பயிற்சித் தாதியிடமும் ஒப்படைக்கப்பட்டன. இறப்பு, உடல் இயக்கம், மனநலம் ஆகியவற்றில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. தம்மிடம் வந்தவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரைத் தாதியர் மருத்துவரின் உதவியின்றியே கவனித்தனர். ஆயினும் தாதி தனித்துச் செய்த பணிக்குக் கட்டணம் பெற அந் நாளைய விதி இடந்தராமையால், மருத்துவர்க்கு வருவாய் குறைந்தது. நல்ல திட்டம் நோயாளியால் தோற்பதில்லை. கணக்கேட்டினால் தோற்பதுண்டு என்பதற்கு இது சான்று.

வழக்கு மன்றத்தின் சொல் 1983-ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்தில் கிடைத்தது. குடும்ப நலப் பணி செய்த தாதியர், மருத்துவர் ஒப்பமிட்ட நிலைக் கட்டளைகளின்படி சோதனை செய்து மருந்தும் வழங்கினர். அனுமதியின்றி மருத்துவத் தொழில் செய்வதாக மருத்துவர் பதிவுக் கழகம் அவர்கள்மேல் குற்றம் சாட்ட முனைந்தது. கீழ் மன்றம் தாதியர்க்கு எதிராகத் தீர்ப்பளிக்க, மாநில உச்ச நீதிமன்றம் அதனை மாற்றிற்று. தம் அறிவு எதுவரை செல்லும் என்பதை அறிந்திருப்பதே உண்மையான தொழில்வல்லாரின் அடையாளம் என்னும் கருத்தை அம் மன்றம் வலியுறுத்தியது. எல்லை கடந்தால் மருத்துவரிடம் அனுப்பும் கடமை தாதிக்கு உண்டு. அவ்வெல்லையை அறியும் அறிவும் அவர்க்கு உண்டு என்பதே அத் தீர்ப்பின் சாரம். எப்போது தாமே முடிவு செய்யக் கூடாது என்பதையும் தாமே முடிவு செய்தல், மேற்பயிற்சித் தாதியின் முதற் கலையாயிற்று.

முதுமையின் மாறுவேடம்

இக் கலை முதியவரிடத்தே மிகக் கடினமாகின்றது. இளைஞனுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலும் இருமலும் முன்னே வரும். எண்பது வயது மூதாட்டிக்கு அதே நோய் வந்தால் காய்ச்சல் இல்லாமற் போகலாம். இருமலும் இல்லாமற் போகலாம். இரண்டு நாளாக உணவை ஒதுக்குகிறார், ஒருமுறை கீழே விழுந்தார், மகளின் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்பனவே அறிகுறிகளாக நிற்கும். மாரடைப்பும் நெஞ்சுவலி இன்றி, வெறும் களைப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ வரக்கூடும். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான்’ என்று சொல்லிவிடுவது எளிது. வாரன் அம்மையார் 1935-இல் கண்ட பிழையும் அதுவே.

இவ் வகையில் தாதியர் எவ்வாறு தீர்மானிக்கின்றனர் என்பதும் ஆய்வுக்கு உள்ளாயிற்று. கொலராடோவில் கென்னத் ஹாமண்ட் என்னும் உளநூலார் தாதிமைத் துறையினருடன் சேர்ந்து 1964 முதல் 1966 வரை வெளியிட்ட ஆய்வுகள், தாதி ஒரு குறியை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. தனித்தனியே வலுவற்ற பல குறிகளை ஒன்றுசேர்த்தே முடிவுக்கு வருகிறார் என்பதைக் காட்டின. 1984-ஆம் ஆண்டில் பட்ரீசியா பென்னர் அம்மையார், புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளை வகுத்தார். புதியவர் விதியைப் பின்பற்றுவார். வல்லுநர் நிலைமை முழுவதையும் ஒருங்கே காண்பார் என்பது அவர் கூற்று. ஆனால் வல்லுநரின் உள்ளுணர்வும் தவறலாம். முதலில் தோன்றிய எண்ணத்தையே பற்றிக்கொண்டு, அதற்கு மாறான குறியைக் காணாது விடுவது மனித இயல்பு. ஆகவே உள்ளுணர்வுக்கு உரைகல் தேவைப்பட்டது.

அவ் உரைகற்களுள் ஒன்று 1990-ஆம் ஆண்டில் ஷாரன் இனூயி என்னும் மருத்துவரும் துணைவரும் அமைத்த சோதனை. முதியவரின் குழப்பம் மறதிநோயா, உடல்நோயால் திடீரென விளைந்த மனக்குழப்பமா என்பதை அது பிரித்துக் காட்டும். குழப்பம் திடீரெனத் தோன்றி ஏறியிறங்குகிறதா? கவனம் நிலைகொள்ளவில்லையா? இவ் விரண்டும் இருந்து, அத்துடன் சிந்தனைக் கோவையின்மையோ விழிப்புநிலை மாற்றமோ இருந்தால், அது திடீர் மனக்குழப்பம். அதற்கு அடியில் தொற்றோ, மருந்தின் தீங்கோ, நீர்க்குறைவோ ஒளிந்திருக்கும், தேடினால் தீர்க்கலாம். 1991-ஆம் ஆண்டில் மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவர், முதியோர் இல்லங்களில் இருப்போர்க்குப் பொருந்தாத மருந்துகளைப் பட்டியலிட்டார். உறக்கத்துக்கென நல்லெண்ணத்துடன் கொடுத்த மாத்திரையே மூதாட்டியை விழச்செய்திருக்கலாம் என்னும் ஐயம் அதன்பின் முறையான கேள்வியாயிற்று.

அதே மூதாட்டி முதியோர் இல்லத்தில் இருப்பதாகக் கொள்க. இரவு பத்து மணி. அவரை ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா, அங்கேயே நீரும் மருந்தும் தந்து விடியும்வரை பார்ப்பதா? அனுப்பினால் புதிய இடமும் புதிய முகங்களும் குழப்பத்தை மிகுவிக்கலாம். படுக்கைப் புண்ணும் வேறு தொற்றும் வரலாம். அனுப்பாவிட்டால் உயிர் போகலாம். மூதாட்டி முன்னர் என்ன விரும்பினார், குடும்பத்தார் என்ன எண்ணுகின்றனர் என்பதும் தீர்ப்பில் சேரவேண்டும். அவரை நாள்தோறும் பார்த்தவரே நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை அறிவார். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1987-ஆம் ஆண்டில் இரு மேற்பயிற்சித் தாதியர் தொடங்கிய எவர்கேர் என்னும் திட்டம், முதியோர் இல்லங்களுக்கு அத்தகைய தாதியரை அனுப்பியது. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, அத் திட்டத்தில் இருந்தோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, பிறரோடு ஒப்பிடின் ஏறத்தாழப் பாதியளவே. இதற்கு முன் 2000-ஆம் ஆண்டில், நியூயார்க்கில் வயது வந்த 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மேரி மண்டிங்கர் முதலியோர் செய்த ஆய்வும், ஆறு திங்களுக்குப் பின் இரு சாராரின் உடல்நலமும் ஒத்திருந்தது எனக் கண்டது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்பட்ட பொது உடன்பாட்டின்படி, வயது வந்தோர்க்கும் முதியோர்க்கும் தனித்தனியே இருந்த பயிற்சிகள் ஒன்றாக்கப்பட்டன.

சிங்கப்பூரில்

இம் மாற்றம் சிங்கப்பூருக்கும் வந்தது. 1885-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் பிரெஞ்சுக் கன்னியர் பொது மருத்துவமனையில் பணியேற்றதையே தாதிமையின் தொடக்கமாகக் கொண்டு, அந் நாளைத் தாதியர் தினமாகக் கொண்டாடும் நாடு இது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகம் 2003-ஆம் ஆண்டில் மேற்பயிற்சித் தாதியர்க்கான முதுகலைக் கல்வியைத் தொடங்கிற்று. 2006-ஆம் ஆண்டில் அவர்களுக்கெனத் தனிப் பதிவேடு ஏற்பட்டது. 2018-ஆம் ஆண்டில், உரிய பயிற்சி பெற்றவர் மருத்துவர் குழுவுடன் செய்துகொள்ளும் உடன்பாட்டின்படி மருந்து எழுதவும் வழி திறந்தது. நாட்பட்ட நோயுள்ள முதியோர் தொகை ஆண்டுதோறும் உயர்ந்துவரும் நாட்டில் இவை மருத்துவர் வேலையைக் குறைக்கும் ஏற்பாடு மட்டும் அல்ல. நோயாளியின் பக்கத்தில் நெடுநேரம் இருப்பவர் கண்டது வீண்போகாமல் காக்கும் ஏற்பாடும் ஆகும்.

கல்வியும் சட்டமும் சேர்ந்தாலும் ஒன்று மீதமிருக்கிறது. முடிவு செய்யும் உரிமை தாளில் இருந்து, வார்டில் ஆளுக்கு முப்பது நோயாளிகள் எனில், உற்றுநோக்க நேரமில்லை. உற்றுநோக்காத கண்ணுக்கு உரிமை பயன்படாது. தாதி சொன்னதைக் கேட்கும் மனம் மருத்துவர்க்கு இல்லையெனில், பழைய ஆட்டம் புதிய பட்டங்களுடன் தொடரும். உரிமை தந்த சமுதாயம், நேரமும் பயிற்சியும் மதிப்பும் சேர்த்தே தரவேண்டும். தவறியபோது பொறுப்பேற்கும் துணிவைத் தாதியரும் கொள்ளவேண்டும்.

பரிமேலழகர் கூறிய நான்கு பண்புகளில் மூன்றை மருத்துவமனைகள் நெடுநாள் தாதியிடம் கேட்டுப் பெற்றன. நான்காவதான அறிவை வேண்டியபோது பயன்படுத்தின. வேண்டாதபோது மறைக்கச் சொல்லின. அவ் அறிவு வெளிப்படையாகப் பேசும் உரிமை பெற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனை முதியவர்கள், தம் பக்கத்தில் நின்றவர் கண்டும் சொல்லாததால் மடிந்தனரோ, அக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இனி அந்நிலை நேராமல் காப்பது தாதியர்க்கும் மருத்துவர்க்கும் மட்டும் உரிய கடமை அன்று. ஒருநாள் முதுமையுற்று அக் கட்டிலில் கிடக்கப்போகும் அனைவர்க்கும் உரியது.